கோணமலை வண்டியின் குரல்

திருக்கோணமலை என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது சுவாமி மலையில் வீற்றிருக்கும் கோணேசர் கோயில். அடுத்து எழுவது உலகோர் வியக்கும் இயற்கைத் துறைமுகம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும், பிரெடெரிக் கோட்டையில் அச்சமின்றி உலாவும் புள்ளிமான்களும் அவற்றின் பின்னே வருவன. இவ்வூருக்கு ஒரு புகையிரதப் பாதை உண்டு என்பதோ, அதில் ஏறி வந்தவர்க்கன்றி ஏனையோர்க்கு நினைவில் நிற்பதில்லை. துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் பலர். புகையிரதத்தைப் பற்றி எழுதியோர் அரியர். ஆதலால் கோயிலையும் கடலையும் இம்முறை ஒருபால் வைத்துவிட்டு, வாசகர்களை அந்த வண்டியில் ஏற்றிச் செல்ல விழைகிறோம். கண்ணால் காண்பதற்கன்று; காதால் கேட்பதற்கு.

இவ்விருப்பம் எழக் காரணம் ஒரு சிறு பொருள். உப்புவெளியில் வாழும் எமது தமக்கையாரின் மைந்தன், உயர்தர வகுப்பில் பயிலும் மாணவன். ரொறன்ரோவில் குடியேறியுள்ள அவனுடைய சித்தப்பா அவனுக்கென ஒரு மாதிரிப் புகையிரத இயந்திரத்தை அனுப்பியிருந்தார். பிரேசில் நாட்டுப் பிராத்தெஸ்கி நிறுவனத்தார் செய்தது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. உண்மை இயந்திரத்தின் 87இல் ஒரு பங்கு. அதன் வயிற்றினுள் ஒரு மோட்டாரும், பெருவிரல் அளவான மின்னணுத் தகடொன்றும், தீப்பெட்டியிலும் சிறிய ஓர் ஒலிபெருக்கியும் அடங்கியுள்ளன. பழைய விளையாட்டு வண்டிகளில் மின்சாரத்தைக் கூட்டினால் ஓட்டம் கூடும், குறைத்தால் குறையும், நிறுத்தினால் வண்டி பிணமாகும், அவ்வளவே. இக்காலத்து முறையிலோ தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்சாரம் நிற்கும். ஓட்டமும் விளக்கும் ஓசையும் தனித்தனிக் கட்டளைகளாக அம்மின்சாரத்தோடு கலந்து செல்லும். உள்ளிருக்கும் தகடு தனக்குரிய கட்டளையைப் பிரித்தறிந்து நிறைவேற்றும். ஆகவே வண்டி அசையாது நிற்கும்போதும் இயந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருக்கலாம், விளக்கு எரியலாம், ஹோர்ன் ஒலிக்கலாம்.

ஒலித்ததே ஒழிய ஓய்ந்தபாடில்லை! வண்டி வந்த இரண்டாம் நாளே அத்தெருவார் அனைவரும் அதன் ஹோர்ன் ஓசையைத் தத்தம் வீட்டு மாவிடிக்கும் ஓசைபோல் அறிந்துகொண்டனர். வட்டமாய் இட்ட தண்டவாளத்தில் வண்டி பம்பரமாய்ச் சுழன்றது. சடுதியாய்ப் புறப்பட்டது, சடுதியாய் நின்றது. மூன்றாம் நாள் பையன் எம்மிடம் வந்து, "மாமா, உண்மையான எஞ்சினில் பதிஞ்ச சத்தம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஆனா ஓட்டினா பொம்மை மாதிரித்தான் கிடக்கு. என்ன குறை?" என்று வினவினான். இது நல்ல வினா. நூலில் விடை தேடுவதிலும், வண்டியினிடமே கேட்டுவிடுவது மேல் என்று எமக்குத் தோன்றிற்று. கொழும்பில் உறவினர் வீட்டுத் திருமணமொன்று முடிந்து ஊர் திரும்புகையில், இருவருமாக இரவு வண்டியின் முற்பெட்டியில், இயந்திரத்துக்கு அடுத்த சன்னலோரம் இடம்பிடித்தோம்.

வண்டி காட்டினுள் புகுமுன் அதன் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுவோம்.

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையினின்றும் பிரிந்து திருக்கோணமலைக்குச் செல்லும் கிளை 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என நிலையங்கள் வரும். முடிவில் கடல் வரும். பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தில் கோலோச்சிய காலம் அது. சீனக்குடாவில் அவர்கள் அமைத்த எண்ணெய்க் குதங்கள் காட்டு மரங்களிடையே இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியதை முதியோர் சொல்ல நாம் கேட்டு வளர்ந்தோம். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை போயிற்று, பாதை நின்றது.

முதலில் ஓடியவை நீராவி இயந்திரங்கள். பின்னர், 1954 முதலாக, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டார் எமக்கு டீசல் இயந்திரங்களை நன்கொடையாக வழங்கினர். எம்2 என்பது அவற்றின் வகைப்பெயர். ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரால் கட்டப்பட்டவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூடி இங்கு வந்து இறங்கின. ஒன்ராறியோவிலிருந்து இயந்திரம் இங்கு வந்தது. இங்கிருந்து சித்தப்பா ஒன்ராறியோவுக்குப் போனார். இப்பொழுது அங்கிருந்து அதே இயந்திரத்தின் குட்டி மீண்டும் இங்கு வந்திருக்கிறது. ஏனெனில் பிரேசிலார் செய்த அம்மாதிரி, ஜி12 எனப்படும் இயந்திரக் குலத்தின் உருவம். எம் நாட்டு எம்2 அக்குலத்தில் பிறந்ததே.

இவ்விடத்தில் ஒரு செய்தி. இத்தகைய ஒலித்தகடுகளை ஆக்கும் அமெரிக்க நிறுவனமொன்று தன் பொருளுக்கு இட்ட பெயர் 'சுனாமி'. ஓசை வெள்ளமாய்ப் பாயும் என்பது கருத்துப் போலும். கிழக்குக் கரையில் வாழ்வோர் எவரும் ஒரு களிப்புப் பொருளுக்கு அப்பெயரை இட நாவெழார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் பெரலியவில் கடல் விழுங்கிய வண்டியை இழுத்துச் சென்றதும் ஓர் எம்2 தான். எண் 591, பெயர் மனிற்றோபா. அது திருத்தப்பட்டு மீண்டும் தடமேறியது. நல்வாய்ப்பாகப் பையனுடைய இயந்திரத்தில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் தகடு.

நிற்க. பின்னிரவில் வண்டி கல்லோயாச் சந்தியை அடைந்து நின்றது. சுற்றிலும் காடு. மேடையில் ஒற்றை விளக்கு; தேநீர் விற்பவர் குரல்; அதற்கு அடியில், நிலத்தினின்றும் எழுவதுபோன்ற ஓர் ஆழ்ந்த முழக்கம். எமது நல்லூழ், அன்று எமக்கு முன்னே நின்றது ஓர் எம்2 இயந்திரம்.

அம்முழக்கத்தைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்கு வேண்டும். எம்2இன் உள்ளே பன்னிரண்டு உருளைகள் கொண்ட டீசல் எஞ்சின் இருக்கிறது. அதன் ஆற்றல் 1,425 குதிரைவலு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் உருளையும் ஒருமுறை வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. வண்டி நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்றுச் சுற்றும். அஃதாவது வினாடிக்கு 55 வெடிப்புகள். சாரதியின் விசைப்பிடிக்கு எட்டுப் படிகள் உண்டு. எட்டாம் படியில் சுற்று 835 ஆகும். வெடிப்புகள் வினாடிக்கு 167 ஆகும். இவ்விரு எல்லைக்கும் இடைப்பட்டதே அவ்வியந்திரத்தின் பாட்டு முழுவதும். 1975இல் கனடாவிலிருந்து வந்த எம்4 வகையின் குரலோ முற்றிலும் வேறு. அதன் உருளைகள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வெடிப்பவை; ஆகவே அது விட்டுவிட்டுக் குமுறும்; புகையும் மிகக் கக்கும். எம்2இன் உடலில் எம்4இன் ஒலியை ஏற்றி ஓட்டும் மாதிரியாளரும் உளர். குயிலின் உருவெழுதிக் காகத்தின் குரல் கொடுத்தது போலாம் அது. தகட்டில் எவ்வொலி பதிந்திருக்கிறது என்று கேட்டறிந்தே வாங்கல் வேண்டும்.

இனி முக்கியமானது வருகிறது. அந்த எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை! எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. பிறந்த மின்சாரம் சக்கரங்களின் அருகே உள்ள மோட்டார்களை இயக்குகிறது. மோட்டார் வாகனத்தில் சக்கரம் விரைந்தால் எஞ்சின் இரைவதைக் கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். டீசல் புகையிரதத்தில் ஒலி சொல்வது வண்டி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதையன்று. சாரதி இப்பொழுது எவ்வளவு உழைப்பை வேண்டுகிறார் என்பதை. விரைவு சக்கரத்தில் இருக்கிறது. உழைப்பு எஞ்சினில் இருக்கிறது. இரண்டும் ஒருங்கே நடப்பது அருமை.

காவலர் பச்சை விளக்கைக் காட்டினார், ஊதுகுழல் ஒலித்தது. சாரதி ஹோர்னால் விடையளித்தார். எஞ்சின் ஒரு படி ஏறிற்று, முழக்கம் தடித்தது. வண்டி அசையவில்லை. மீண்டும் ஒரு படி. பையன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாமா, சத்தம் கூடுது, ஆனா வண்டி இன்னும் வெளிக்கிடேல்லையே!" என்றான். அவன் சொல்லி முடிக்கவும், பெட்டிகளின் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும் ஓசை முன்னிருந்து பின்னோக்கி ஓடிற்று. பிறகே மேடை விளக்கு மெல்லப் பின்னே நகர்ந்தது. ஒலி முன்னே, ஓட்டம் பின்னே. அவன் கேட்ட வினாவுக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வீட்டில் அவன் பொத்தானை அழுத்தியதும் வண்டியும் ஒலியும் ஒன்றாகத் துள்ளின. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள பொருள் எதுவும் துள்ளுவதில்லை.

மறுபாதி விடை கந்தளாயை நெருங்குகையில் கிடைத்தது. வண்டி நல்ல விரைவில் சென்றுகொண்டிருந்தது. திடீரென்று எஞ்சினின் பேரிரைச்சல் தணிந்து, கல்லோயாவில் நின்றபோது கேட்ட அதே தாழ்ந்த முழக்கமாகிவிட்டது. பழுது நேர்ந்ததோ என்று பையன் எம்மைப் பார்த்தான். பழுதன்று, சாரதி விசையை முற்றாகக் குறைத்துவிட்டார், அவ்வளவே. பூண்ட விரைவே வண்டியைக் கொண்டுசென்றது. இப்பொழுது கேட்டதெல்லாம் தண்டவாளப் பொருத்துகளில் சக்கரம் தட்டும் தாளமும், காட்டின் காற்றும், எங்கோ ஒரு பறவையும். நெடுந்தூரம் அவ்வாறே வழுக்கிச் சென்று, நிலைய விளக்கு தெரிந்த பின்னரே பிரேக்கின் ஓசை எழுந்தது.

பிரேக்கின் ஓசையிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க வண்டிகளில் அழுத்திய காற்றால் பிரேக் இயங்கும். சாரதி பிரேக் போடுகையில் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். எம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்தது வெற்றிடப் பிரேக். வண்டி நெடுகச் செல்லும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்தால் சக்கரம் விடுபடும். குழாயினுள் காற்றைப் புகவிட்டால் பிரேக் பிடிக்கும். ஆகவே சாரதியின் அறையில் கேட்பது காற்று உட்புகும் ஒலி. சீறல் அன்று, பெருமூச்சு. மாதிரி இயந்திரத்தின் தகட்டில் பெரும்பாலும் அமெரிக்கச் சீறலே பதிந்திருக்கும். அதனை அணைத்து வைப்பதா, ஒலியளவைக் குறைத்துப் பெருமூச்சாக எண்ணிக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். நாம் குறைத்து வைப்பதையே விரும்புவோம்.

ஒற்றைத் தடத்தில் செல்லும் வண்டிக்கு நிலையங்களில் வேறொரு வேலையும் உண்டு. முன்னுள்ள தடம் வெறுமையாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக, வளையத்தில் கோத்த ஒரு வில்லையைச் சாரதி பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். முன்பு பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலும் வேண்டும். ஒரு தடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லையே வெளிவரும் வகையில் இரு நிலையத்துப் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். இம்முறை நம் நாட்டுப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கியது. எதிர்வண்டி வரவேண்டுமாயின் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதெல்லாம் எஞ்சின் 275 சுற்றில் முணுமுணுக்கும். பயணிகளுக்கு அலுப்பூட்டும் அக்காத்திருப்பே, மாதிரி வண்டியை உயிருள்ளதாக்கும் பகுதி என்பதை நாம் பின்னர்க் கண்டோம்.

ஹோர்னைப் பற்றி இதுவரை சொல்லாது வைத்தோம். காரணம் உண்டு. கல்லோயாவைச் சூழ்ந்த பகுதி யானைகளின் நாடு. மின்னேரியா, கவுதுல்லைக் குளங்களை நாடிச் செல்லும் கூட்டங்கள் தண்டவாளத்தைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளன. பாதை 1927இல் வந்தது. யானைகளின் வழி அதற்கும் மிக முந்தியது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பயணிகள் வண்டி ஹபரணைப் பகுதியில் யானைக் கூட்டமொன்றின்மீது மோதிற்று. ஆறு யானைகள் மாண்டன. இயந்திரம் தடம் புரண்டது. பயணிகள் உயிர் தப்பினர். இருளில் சாரதியின் கண் செல்லும் தூரம் முன்விளக்கின் ஒளி செல்லும் தூரமே. வளைவிலோ ஒளி காட்டு மரத்தில் முட்டி நின்றுவிடும், தடத்தில் விழாது.

மணிக்கு 60 கிலோமீற்றர் விரைவில் வரும் வண்டி நிற்பதற்குப் பல நூறு மீற்றர் தூரம் வேண்டும். சுமையையும் சரிவையும் பொறுத்து இது வேறுபடும். கணக்குக்காக 400 மீற்றர் என்று கொள்வோம். யானையைக் கண்ட பின்னர் பிரேக் போடும் சாரதி காலங்கடந்தவராவார். ஆகவே அவர் காணாத யானைக்காகவே வேகத்தைக் குறைக்கிறார். காணாத யானைக்காகவே ஹோர்னை ஒலிக்கிறார். அவ்விரவில் கல்லோயாவுக்கு இப்பாலும் அப்பாலும் நாம் கேட்ட நீண்ட ஹோர்ன் ஒலிகளை எண்ணிப் பார்த்தோம். கடவைகளில் சில. ஏனையவை இருளை நோக்கி ஊதியவை. பையன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வீட்ட நான் ஊதினது ஆருக்கும் இல்லை, மாமா" என்று மட்டும் சொன்னான்.

தம்பலகாமத்தில் பொழுது புலர்ந்தது. பச்சை வயல்களின்மேல் பனி படர்ந்திருக்க, கொக்குகள் வண்டியைப் பொருட்படுத்தாமல் நின்றன. வலப்புறத்தே தம்பலகாம விரிகுடாவின் நீர் ஈயத்தகடுபோல் விரிந்து தோன்றியது. காட்டினுள் எஞ்சினின் ஒலி மரங்களால் நெரிக்கப்பட்டு எம் செவியிலேயே மோதிற்று. திறந்த வெளிக்கு வந்ததும் அதுவே அகன்று மெலிந்தது. சீனக்குடாவில் மா ஆலையின் உயர்ந்த கட்டடங்களும் எண்ணெய்க் குதங்களும் தோன்றின. அப்பால் உட்துறைமுகம், நங்கூரமிட்ட கப்பலொன்று உறங்கிக்கொண்டிருந்தது. இப்பகுதியில் வண்டி நடைபோடும் விரைவிலேயே சென்றது. முழக்கம் எழுவதும் தணிவதுமாக இருந்ததேயன்றி ஒருமுறையேனும் உச்சத்தைத் தொடவில்லை. எட்டுப் படி உள்ள விசைப்பிடியில் எட்டாம் படிக்குச் செல்லும் வேளை மிகக் குறைவு என்பதைப் பையன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

திருக்கோணமலை நிலையத்தில் வண்டி நின்றதும் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு விரைந்தனர். நாம் மேடையிலேயே நின்றோம். பெட்டிகளினின்றும் இயந்திரத்தைக் கழற்றினர். அது தனியே முன்சென்று, பக்கத்துத் தடம் மாறி, பெட்டிகளைக் கடந்து மறுமுனைக்குப் போயிற்று. சுமையின்றிச் செல்கையில் அதன் குரல் எவ்வளவு இலகுவாக ஒலித்தது! அதே இயந்திரம், அதே விரைவு, ஆயினும் பெட்டிகளை இழுத்து வந்த குரலன்று அது. வேலை முடிந்த மாடு தொழுவத்துக்குத் திரும்பும் நடை.

வீட்டுக்கு வந்து நீராடி உணவருந்திய பின்னர் மேசையருகே அமர்ந்தோம். இனிச் சொல்பவை, இத்தகைய வண்டி வைத்திருக்கும் மாணவர்க்குப் பயன்படக்கூடும்.

முதலில் விரைவைச் சரிப்படுத்தினோம். மணிக்கு 60 கிலோமீற்றரை 87ஆல் வகுத்தால், வினாடிக்கு 19 சென்ரிமீற்றர் வரும். 40 கிலோமீற்றராயின் 13 சென்ரிமீற்றருக்குச் சிறிது குறைவு. ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 8 வினாடி. நிலையத்துள் 15 கிலோமீற்றர் விரைவில் நுழையும் வண்டிக்கோ அதே ஒரு மீற்றருக்கு 21 வினாடி வேண்டும். அளவுகோலும் மணிக்கூடும் கொண்டு அளந்தபோது, பையன் இதுவரை ஓட்டிய விரைவு இருநூறு கிலோமீற்றரைத் தாண்டியது தெரியவந்தது! கோணமலைப் பாதையில் அவ்விரைவு எந்நாளும் கண்டதில்லை. தகட்டின் அமைப்பெண்களில் உச்ச விரைவுக்கென ஒன்று உண்டு; அதனைக் குறைத்து, விசைப்பிடியை முழுதும் திருகினாலும் 60ஐத் தாண்டாதவாறு செய்தோம்.

அடுத்தது எடை. மாதிரி இயந்திரத்துக்கு எடையில்லை. எடையிருப்பதாக அதனை நம்பவைக்க வேண்டும். அதற்கென இரண்டு அமைப்பெண்கள் உள்ளன. மூன்றாம் எண் விரைவு ஏறும் காலத்தையும், நான்காம் எண் இறங்கும் காலத்தையும் ஆள்வன. பொதுத் தரத்தின்படி, இட்ட எண்ணின் ஒவ்வோர் அலகுக்கும் முழு விரைவிலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 0.9 வினாடி ஆகும். சில தயாரிப்பாளரின் கணக்கு வேறுபடும் என்பதால் கைந்நூலைப் பார்த்தல் நன்று. மேற்சொன்ன 400 மீற்றர், மேசையில் 4.6 மீற்றர். அத்தூரத்தில் சீராக நிற்க 48 வினாடி வேண்டும். நான்காம் எண்ணில் 50ஐச் சிறிது தாண்டிய எண்ணை இடல் வேண்டும். இட்டோம். பையன் பழக்கத்தின்படி நிலையத்தின் வாயிலில் நிறுத்தினான். வண்டி நிலையத்தைக் கடந்து, மேசை விளிம்பை நோக்கிப் பெருமிதத்தோடு சென்றது! அன்றுதான் அவன் சாரதியானான் எனலாம். நிற்க வேண்டிய இடத்தை அன்றி, நிற்கத் தொடங்க வேண்டிய இடத்தை நினைக்கப் பழகினான்.

ஒலியை ஓட்டத்தினின்றும் பிரிப்பது மூன்றாவது. நல்ல தகடுகளில் ஓட்டம் மாறாதிருக்க ஒலியை மட்டும் ஏற்றி இறக்கும் பொத்தான் ஒன்றுண்டு. புறப்படுமுன் முழக்கத்தை ஒரு படி ஏற்றி, இரண்டு வினாடி பொறுத்து வண்டியை நகர்த்துவதும், நிலையத்துக்கு நெடுந்தொலைவிலேயே முழக்கத்தைத் தணித்துவிட்டு வழுக்கி வருவதும் அதனால் இயலும். தனியே பிரேக்குக்கெனப் பொத்தான் உள்ள தகடாயின் இன்னும் நன்று. அத்தகடுகளில் நான்காம் எண்ணை மிக உயர்த்தி வைத்து, உண்மைச் சாரதியைப்போல் விட்டுவிட்டுப் பிரேக் பிடிக்கலாம்.

ஒலியளவைப் பற்றி எமது தமக்கையார் அடுக்களையிலிருந்தே தீர்ப்பளித்துவிட்டார். கணக்கும் அவர் பக்கமே நின்றது. மேசையிலிருந்து இரண்டடி தள்ளி அமர்ந்து பார்ப்பவர், உண்மை வண்டியை 50 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒப்பானவர். அத்தூரத்தில் கேட்கும் அளவே ஒலித்தல் முறை. எமக்கு உகந்த அளவு, தயாரித்தோர் இட்டதின் மூன்றிலொரு பங்காயிற்று. ஆயினும் வினாடிக்கு 55 வெடிப்பு என்னும் அடித்தொனியைத் தீப்பெட்டியிலும் சிறிய ஒலிபெருக்கி எழுப்பவல்லதன்று. மேற்றொனிகளைக் கேட்டுச் செவி தானாகவே அடித்தொனியை நிரப்பிக்கொள்கிறது. அவ்வொலிபெருக்கியைச் சுற்றிக் காற்றுப் புகாத சிறு கூடு அமைந்திருத்தல் இன்றியமையாதது. கூட்டில் பிளவிருந்தால் முழக்கம் தும்மலாகிவிடும்.

ஒரு குறை தீராது. எம் நாட்டுத் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறங்குலம், அஃதாவது 1,676 மில்லிமீற்றர். 87இல் ஒரு பங்கெனின் 19 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீற்றர். நம் அகன்ற பாதை இயந்திரம் சற்றே ஒடுங்கிய காலில் நிற்கிறது. செவியால் ஓட்டுபவருக்கு இது பெரிதன்று என்று சொல்லி ஆறினோம். கல்லோயாவிலிருந்து கோணமலை வரையுள்ள 70 கிலோமீற்றரை மாதிரியாய் அமைக்க 800 மீற்றருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். ஆதலின் கல்லோயா, கந்தளாய், சீனக்குடா, கோணமலை என்ற நான்கு நிலையங்களோடு நிறைவுகொண்டான். பழைய பள்ளிக் கொப்பியின் அட்டையில் வெட்டிய வட்டங்கள் வில்லைகளாயின. வில்லை கையில் இல்லாமல் வண்டி புறப்படுவதில்லை.

காவலர் பதவியை அவன் தங்கை ஏற்றாள். பத்து வயதுச் சிறுமி. பச்சைத் துணித்துண்டொன்றைக் குச்சியில் கட்டி வைத்திருக்கிறாள். அவளே களிமண்ணால் ஒரு யானையும் ஒரு கன்றும் செய்தாள். கல்லோயாவுக்கும் கந்தளாய்க்கும் இடையே, வேப்பங்கொத்துகளை நட்டு அமைத்த காட்டினுள் அவை உலாவும். எங்கே நிற்கும் என்பதைச் சாரதிக்கு அவள் சொல்வதில்லை. மாலைதோறும் இடம் மாறும். அறையின் விளக்கை அணைத்துவிட்டால் வண்டியின் முன்விளக்கு மட்டுமே துணை. ஆகவே அக்காட்டு எல்லையில் பையன் இப்பொழுது விசையை முற்றாகக் குறைத்து, ஒருமுறை நீளமாக ஊதி, மணிக்கு 20 கிலோமீற்றர் கணக்கில் ஊர்ந்து செல்கிறான். ஒரு நாளில் ஹோர்ன் ஒலிப்பது ஏழெட்டு முறைக்கு மேல் இல்லை.

நாம் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் இரவு, வளைவைத் தாண்டியதும் விளக்கொளியில் களிமண் யானை தென்பட்டது. வண்டி ஒரு முழ தூரத்துக்கு முன்னதாகவே நின்றுவிட்டது. எஞ்சின் தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் கழிந்தது. மூன்று நிமிடம் கழிந்தது. "இனிப் போகலாமோ, கார்ட்?" என்று பொறுமையிழந்து கேட்டான் சாரதி. சிறுமி பச்சைத் துணியை முதுகின்பின் மறைத்துக்கொண்டு, "பொறு அண்ணா. கன்று இன்னும் வரேல்லை" என்றாள்.